இரவை விலைக்கு வாங்கலாமா?



கூலிக்கு எதை விற்கலாம், எதை விற்கலாகாது என்பது பழைய கேள்வி. கை உழைப்பை விற்கலாம், கற்ற வித்தையை விற்கலாம், நேரத்தையும் விற்கலாம். மனச்சாட்சியையும் மானத்தையும் விற்கலாகாது. இந்த மட்டில் நம்மிடையே அபிப்பிராய பேதம் இல்லை. ஆனால் இரவு? ஒருவர் தம் இரவை மாதச் சம்பளத்துக்கு விற்பதும், இன்னொருவர் அதை வாங்குவதும் எந்தக் கணக்கில் சேரும்?

இதென்ன வேடிக்கையான கேள்வி என்று எண்ணாதீர்கள். நம் பங்குக் குடும்பங்களை ஒரு முறை நினைத்துப் பாருங்கள். பஞ்சாலையில் மூன்றாவது ஷிப்டுக்குப் போகிற தகப்பன்மார் இருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் இராப்பணி பார்க்கும் நர்ஸ் சகோதரிகள் இருக்கிறார்கள். ரயில்வேக்காரர், போலீஸ்காரர், வங்கி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் காவற்காரர் இருக்கிறார்கள். சென்னையில் இருந்துகொண்டே அமெரிக்கருடைய பகலுக்கு வேலை செய்யும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். நியூயார்க்கில் பிற்பகல் 3 மணி அடிக்கும்போது இங்கே நடுநிசி தாண்டியிருக்கும். அங்குள்ளவர் மத்தியானச் சாப்பாடு முடித்துக் கேட்கிற சந்தேகத்துக்கு, இங்குள்ளவர் தூக்கத்தை விட்டுப் பதில் சொல்லுகிறார்.

இவர்களைக் கேட்டால், “எட்டு மணி வேலை எட்டு மணி வேலைதானே? பகலில் செய்தால் என்ன, இராத்திரியில் செய்தால் என்ன? படி கூடக் கிடைக்கிறது. பகலில் படுத்துக்கொண்டால் சரியாய்ப் போயிற்று” என்பார்கள். வீட்டாரும் அப்படியே நினைக்கிறார்கள். முதலாளிமாருக்கும் அப்படி நினைப்பதே சௌகரியம். இந்த எண்ணம் சரியானால் நம் கேள்விக்கு வேலையில்லை. ஆகவே, அது சரிதானா என்று முதலில் பார்த்துவிடுவோம்.

1729-ம் ஆண்டில் பிரஞ்சு தேசத்தில் மேரான் என்ற வானசாஸ்திரி, தொட்டாற்சிணுங்கி இனத்துச் செடியொன்றை இருட்டறையில் வைத்துக் கவனித்தார். பகலில் இலை விரித்து மாலையில் இலை கூப்பும் செடி அது. சூரியனைக் கண்டே அப்படிச் செய்கிறது என்றுதான் யாரும் எண்ணுவர். ஆனால் வெயிலே புகாத இருட்டிலும் அது காலையில் விரித்தது, மாலையில் கூப்பியது. இதன் பொருள் முழுவதும் விளங்க இருநூறு ஆண்டுகளுக்கு மேல் சென்றன. உயிருள்ளவற்றின் உள்ளேயே ஒரு கடிகாரம் ஓடுகிறது. சூரியன் அதற்குச் சாவி கொடுப்பதில்லை, முள்ளைத் திருத்தி மட்டும் வைக்கிறது.

மனிதருக்கும் அப்படியா? 1962-ல் மிஷேல் சிஃப்ர் என்ற 23 வயது பிரஞ்சு வாலிபர் கடிகாரமும் நாட்காட்டியும் இல்லாமல் ஆல்ப்ஸ் மலையில் ஒரு பனிக்குகைக்குள் இறங்கினார். ஜூலை 16-ல் இறங்கியவர் செப்டம்பர் 14 வரை அங்கேயே தனியாக இருந்தார். தூக்கம் வந்தபோது தூங்கி, விழித்தபோது எழுந்து, ஒவ்வொன்றையும் டெலிபோனில் மேலே இருந்தவர்களுக்குச் சொல்லி வந்தார். காலம் முடிந்தது என்று அறிவித்தபோது அவர் நம்பவில்லை. அவர் கணக்கில் அன்று ஆகஸ்டு 20. மனம் 25 நாட்களைத் தொலைத்துவிட்டது. சரீரமோ தொலைக்கவில்லை! மேலே இருந்தவர்கள் எழுதிவைத்த குறிப்பைப் பார்த்தால், அவருடைய தூக்கமும் விழிப்பும் சேர்ந்த சுற்று ஏறக்குறைய 24½ மணியாகவே ஓடி வந்திருந்தது.

இந்தக் கடிகாரம் எங்கே இருக்கிறது என்பதை 1972-ல் கண்டுபிடித்தார்கள். இரு கண்களிலிருந்தும் வரும் நரம்புகள் மூளைக்கடியில் ஒன்றையொன்று குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, அரிசிமணியிலும் சிறிய இரு திரள்கள். வெளிச்சம் வந்ததா போனதா என்ற செய்தி கண்ணிலிருந்து அங்கே போகிறது. அங்கிருந்து மூளையின் நடுவிலுள்ள பினியல் என்னும் சின்னஞ்சிறு சுரப்பிக்குக் கட்டளை போகிறது. பதினேழாம் நூற்றாண்டில் தத்துவஞானி டேக்கார்ட் இச்சுரப்பியை ஆன்மாவின் தலைமை ஆசனம் என்று எழுதி வைத்தார். ஆசனம் என்னவோ அங்கில்லை. அங்கே இருப்பது வேறு ஒன்று. 1958-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் தோல் வைத்தியரான ஆரன் லெர்னர், மாட்டு மூளைகளிலிருந்து எடுத்த சுரப்பிகளைத் திரளாகச் சேகரித்து அரைத்து வடித்து, அதிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார். அவர் தேடியது வெண்புள்ளி நோய்க்கு மருந்து. கிடைத்ததோ இரவைப் பற்றிய சேதி. அப்பொருளின் பெயர் மெலடோனின்.

இம்மெலடோனின் மாலை இருட்டியபின், நாம் வழக்கமாகப் படுக்கும் நேரத்துக்கு இரண்டு மணி முன்பிருந்து இரத்தத்தில் ஏறத் தொடங்குகிறது. நடுநிசிக்குப் பின் உச்சத்தை அடைகிறது. விடியும்போது வடிந்துவிடுகிறது. பலர் இதைத் தூக்க மருந்து என்று நினைக்கிறார்கள்; அப்படிச் சொல்வது முழுவதும் சரியல்ல. இரவெல்லாம் ஓடித் திரியும் எலிக்கும் இதே மெலடோனின் இரவில்தான் சுரக்கிறது. எலிக்கு அது, “எழுந்திரு, இரை தேடு” என்ற சேதி. நமக்கு, “அடங்கு, படு” என்ற சேதி. அதாவது மெலடோனின் தூக்கத்தை ஊட்டுவதைவிட, இரவு வந்துவிட்டது என்று சரீரம் முழுவதற்கும் தண்டோராப் போடுகிறது என்பதே பொருந்தும். குடல், ஈரல், இருதயம், இரத்த அழுத்தம், உடற்சூடு எல்லாம் தத்தம் நேரப்படி நடக்கின்றன. விடியற்காலம் 4, 5 மணியளவில் உடற்சூடு மிகவும் தாழ்ந்திருக்கும். இராப்பணி செய்தவர் யாரையும் கேளுங்கள். கண்ணை இழுத்துப் பிடிக்க முடியாத நேரம் எது என்று சொல்லுவார். அதே நேரந்தான்.

தண்டோராவை நிறுத்துவதும் எளிது. 1980-ல் ஆல்ஃபிரட் லூவி என்பாரும் அவருடைய தோழர்களும், பிரகாசமான விளக்கை நடுநிசியில் ஏற்றினால் மனித இரத்தத்தில் மெலடோனின் குறைந்துபோகிறது என்று காட்டினார்கள். நீல நிறம் கலந்த வெளிச்சம் இதில் அதிக வல்லமையுள்ளது என்று பின்னால் தெரிந்தது. படுக்கையில் கிடந்து கைப்பேசியைப் பார்க்கும் நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிப் பாருங்கள். கேட்பார்களா என்பது வேறு விஷயம்.

நிற்க. இப்போது மூன்றாவது ஷிப்டுக்காரரிடம் வருவோம். அவர் இராமுழுதும் விளக்கொளியில் நின்று வேலை செய்கிறார். நாளடைவில் அவருடைய கடிகாரம் தலைகீழாகத் திரும்பி, இரவைப் பகலாக்கிக் கொள்ளாதா? ஆகாயவிமானத்தில் அமெரிக்கா போகிறவர்களுக்கு ஒரு வாரம் பத்து நாளில் அப்படித் திரும்பிவிடுகிறதே?

திரும்புவதில்லை. நிரந்தரமாக இராப்பணியிலேயே இருப்போரின் மெலடோனினை அளந்து பார்த்த ஆராய்ச்சிகளை 2008-ல் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். முழுவதும் திரும்பியவர்கள் நூற்றுக்கு மூவர்கூட இல்லை. காரணம் விளங்கிக்கொள்ள எளிது. அமெரிக்கா போனவருக்கு அங்குள்ள சூரியனும் அமெரிக்காவுக்குரியது. அங்குள்ள மனிதரும் அவரோடு சேர்ந்து உண்டு உறங்குகிறார்கள். நம் பஞ்சாலைக்காரரோ காலையில் வேலை முடிந்து வெளியே வந்ததும் உதய சூரியன் முகத்தில் அடிக்கிறது. “இது பகல்” என்று கண் மூளைக்குச் சொல்லிவிடுகிறது. ஆலை விளக்கு இரவெல்லாம் சொன்னதைச் சூரியன் அரைமணியில் அழித்துவிடுகிறது. வார விடுமுறையில் பிள்ளைகளோடு பகலில் இருந்து இரவில் தூங்கினால் திரும்பியிருந்த கொஞ்சமும் போய்விடுகிறது. ஆகவே அவர் படுக்கும் காலை 9 மணிக்கு அவருடைய உடற்சூடு ஏறிக்கொண்டிருக்கிறது. சரீரம் எழுந்திருக்க ஆயத்தம் செய்கிறது. களைப்பினால் தூக்கம் வரும்; ஆனால் நிலைக்காது. சில மணி நேரத்தில் விழிப்புத் தட்டிவிடும். வீட்டில் சத்தமில்லாவிட்டாலும் தட்டும்.

ஆகையால், “பகலில் படுத்துக்கொண்டால் சரியாய்ப் போயிற்று” என்பது சரியாய்ப் போகவில்லை. பத்து ரூபாய் கடன் வாங்கி ஏழு ரூபாயாகத் திருப்பித் தருவது போன்ற கணக்கு அது. தினமும் மூன்று ரூபாய் பாக்கி நிற்கிறது.

பாக்கியின் வட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆனால் பயமுறுத்தாமல் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 1976 முதல் பெருந்தொகையான நர்ஸுகளின் உடல்நிலையை இரண்டாண்டுக்கு ஒரு முறை தொடர்ந்து கேட்டறிந்து வருகிறார்கள். அதில் 78,000-க்கு மேற்பட்டவரின் விவரங்களைக் கொண்டு 2001-ல் வெளிவந்த கணக்கில், 30 ஆண்டும் அதற்கு மேலும் மாறி மாறி இராப்பணி செய்தவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் மற்றவர்களைவிட ஏறக்குறைய 36 சதவீதம் அதிகமாகக் காணப்பட்டது. உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2007-லும், மறுபடி 2019-லும், இராப்பணி புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று கருதத்தக்கவற்றின் பட்டியலில் அதைச் சேர்த்தது. மாட்டிறைச்சியும் ஆட்டிறைச்சியும் அதே படிவரிசையில் இருக்கின்றன என்பதையும், பிற்பாடு நடந்த சில பெரிய ஆராய்ச்சிகளில் இந்தத் தொடர்பு தென்படவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை. ஆயினும் டென்மார்க் தேசத்தார் முழு நிச்சயம் வரும்வரை காத்திருக்கவில்லை. 2008-ம் ஆண்டையொட்டி, பல்லாண்டு இராப்பணி செய்து மார்பகப் புற்றுநோய் கண்ட சுமார் 40 பெண்களுக்குத் தொழிலால் வந்த நோய் என்று ஒப்புக்கொண்டு நஷ்டஈடு கொடுத்தார்கள். கடன் உண்டா இல்லையா என்று சந்தேகம் வந்தால், அதன் நன்மையைக் கடன்பட்டவனுக்கா கொடுப்பது, கொடுத்தவனுக்கா? டென்மார்க்குக்காரர் உழைப்பைக் கொடுத்தவர் பக்கம் நின்றார்கள். எனக்கு அது நியாயமாகத் தோன்றுகிறது.

இன்னொரு கணக்கு. ஆஸ்திரேலியாவில் 1997-ல் டாசன், ரீட் என்ற இருவர் வெளியிட்டது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவருடைய கையும் கண்ணும், 100 மில்லி இரத்தத்தில் 50 மில்லிகிராம் சாராயம் ஏறியவருடைய அளவுக்குத் தடுமாறுகின்றன. நம் தேசத்து மோட்டார் வாகனச் சட்டம் அனுமதிப்பது 30 மில்லிகிராம் வரைதான். அதற்கு மேற்பட்டால் அபராதம், சிறை. குடித்துவிட்டு வண்டி ஓட்டுகிறவரை நாம் ஏசுகிறோம். இரட்டை ஷிப்டு பார்த்துவிட்டு விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் வீடு திரும்புகிறவரை உழைப்பாளி என்று மெச்சுகிறோம். மெச்சுவது தவறல்ல. ஆனால் அவரை அந்த நிலைமையில் சாலைக்கு அனுப்பியவர் யார் என்று ஒருவரும் கேட்பதில்லையே.

“அவர் சம்மதித்துத்தானே வருகிறார்? யாரும் கட்டிப்போட்டு வேலை வாங்கவில்லையே!” என்று ஒரு நியாயம் சொல்லப்படுகிறது. இதற்குப் பதில் 1891-லேயே சொல்லப்பட்டாயிற்று. பதின்மூன்றாம் சிங்கராயர் பாப்பரசர் தொழிலாளரைக் குறித்து எழுதிய நிருபத்தில், பசிக்கும் பயத்துக்கும் அஞ்சி ஒருவன் கடினமான நிபந்தனைக்குத் தலையசைத்தால், அதைச் சுதந்திரமான சம்மதம் என்று கொள்ளலாகாது என்று காட்டினார். வேலை நேரமும் எல்லோருக்கும் ஒன்றாயிருக்க வேண்டியதில்லை. வேலையின் கடுமையையும் ஆளின் பலத்தையும் பார்த்து நேரம் குறைய வேண்டும் என்று சுரங்கத் தொழிலாளரை உதாரணம் காட்டினார். மெலடோனின் என்ற பெயர்கூட அப்போது பிறக்கவில்லை. சுரங்கத்தின் இருட்டைப் பற்றிச் சொன்னதை நாம் இரவின் இருட்டுக்கும் எடுத்துக்கொள்ளலாம்.

சம்மதத்தைப் பற்றி இதைவிடச் சூட்சுமமான ஒன்று ரொட்டிக் கடைகளின் சரித்திரத்தில் இருக்கிறது. நமக்கு இட்லி போல ஐரோப்பியருக்குக் காலை ரொட்டி. அது சுடச்சுட வேண்டும். அதற்காக ரொட்டி சுடுவோர் தலைமுறை தலைமுறையாக இரவில் மாவு பிசைந்து அடுப்படியில் நின்றார்கள். பாரிஸ் நகரில் 1871-ல் சில வாரங்களே ஆண்ட புரட்சி அரசாங்கம் ஏப்ரல் 20-ம் தேதி, ரொட்டிக் கடைகளில் இராவேலையை நிறுத்தி உத்தரவு போட்டது. அடுத்த மாதமே பாரிஸ் பேராயரைச் சுட்டுக் கொன்ற அரசாங்கம் அது. அதை நாம் புகழப் போவதில்லை. ஆனால் அந்த ஓர் உத்தரவு அதோடு மாண்டுபோகவில்லை. இத்தாலி 1908-லும், பிரஞ்சு தேசம் 1919-லும் சட்டம் செய்தன. 1925-ல் ஜெனீவாவில் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் இதற்கென்றே தனி உடன்படிக்கை ஒன்றை நிறைவேற்றியது. ரொட்டிக்காக உலகமெல்லாம் கூடி உடன்படிக்கை!

அந்த உடன்படிக்கையில் ஒரு விசேஷம் உண்டு. இரவில் ரொட்டி செய்யலாகாது என்ற தடை வேலைக்காரருக்கு மட்டுமன்று, கடை முதலாளிக்கும் உண்டு என்று அதில் எழுதினார்கள். தன் கடையில், தன் மாவில், தன் கையால், ஒருவன் தன்னிஷ்டமாக இராத்திரி ரொட்டி சுட்டால் அதைத் தடுக்க யாருக்கு என்ன அதிகாரம் என்று உங்களுக்குத் தோன்றலாம். சற்று யோசித்தால் நியாயம் விளங்கும். அந்த ஒருவன் விடியற்காலையில் சுடு ரொட்டி விற்றால், ஜனங்கள் அவன் கடைக்குப் போவார்கள். ஆட்களைத் தூங்கவிட்டுக் காலையில் வேலை தொடங்கும் அடுத்த கடைக்காரர் நஷ்டப்படுவார். பத்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு அவரும் ஆட்களை இரவில் அழைப்பார். ஒருவன் மனமொப்பி விற்ற இரவு, மற்றவர்கள் மனமில்லாமல் விற்க வேண்டிய இரவுக்கு விலை குறித்துவிட்டது. ஆகவே ஒருவருடைய சம்மதம் அவரோடு நிற்பதில்லை. வீட்டில் தன் குடும்பத்துக்காக ரொட்டி சுடுவோரை மட்டும் உடன்படிக்கை விலக்கி வைத்தது. அங்கே வியாபாரப் போட்டி இல்லையல்லவா?

இதை ஏற்றுக் கையெழுத்திட்ட நாடுகள் இருபதுக்கும் குறைவு. பெருவாரியான நாடுகள் ஒதுங்கிக் கொண்டன. தோற்ற வழக்கு என்றே சொல்லலாம். ஆனாலும் அவ்வழக்கில் கூண்டிலேறாத ஒரு சாட்சி உண்டு: ரொட்டி தின்றவர். சூடு சற்று ஆறிய ரொட்டியைத் தின்ன அவர் இணங்கியிருந்தால் சட்டமே தேவைப்பட்டிராது.

வாசகர்களே, அந்தச் சாட்சியின் இடத்தில் இப்போது நாம் நிற்கிறோம். இராப்பணி எல்லாம் ஒரே தன்மையுடையதன்று. பிரசவ வேதனை விடியும்வரை பொறுக்காது. தீ பொறுக்காது. மின்சாரம், ரயில், குடிநீர், காவல் இவை பொறுக்கா. இவற்றுக்காக விழித்திருப்பவர் நமக்காக விழித்திருக்கிறார். அவர் விழிக்காவிட்டால் யாரோ ஒருவர் சாவார். ஆனால் இரவு 11 மணிக்குக் கைப்பேசியைத் தட்டி வரவழைக்கும் ஐஸ்கிரீம் பொறுக்காதா? நாளை மறுநாள் வந்தாலும் போதுமான சட்டை, நாளைக் காலையே வாசலுக்கு வர வேண்டும் என்பதற்காக எத்தனை கிடங்குகளில் எத்தனை பேர் இரவெல்லாம் பெட்டி கட்டுகிறார்கள்? அமெரிக்காவிலிருந்து அழைக்கும் மனிதர் சென்னை வாலிபனின் இரவைப் பற்றி நினைப்பதில்லை என்று குறைப்படுகிறோம். நாமும் நம் ஊர்க் கிடங்கில் வேலை செய்கிறவனைப் பற்றி அதே அளவுதான் நினைக்கிறோம்.

நடுவே நிற்பது பஞ்சாலை. நூல் விடியும்வரை பொறுக்கும். இயந்திரத்தின் மேல் வாங்கிய கடன் பொறுக்காது. அதற்காகவே ஆலை இரவிலும் ஓடுகிறது. மூன்றாவது ஷிப்டை மூடிவிட்டால் மூன்றில் ஒரு பங்குக் குடும்பங்களின் அடுப்பும் சேர்ந்து அணையும். அதை மறந்துவிட்டு மேடையில் பேசுவது சுலபம். ஆதலின் இராவேலையே கூடாது என்று நான் வாதிக்கவில்லை. இரவை வாங்குகிறவர் சாதாரணச் சரக்கை வாங்கவில்லை, பணத்தால் முழுவதும் அடைபடாத ஒன்றை வாங்குகிறார் என்பதையே சொல்லுகிறேன். சட்டங்கள் வெகுநாள் இதைப் பாதிதான் கண்டன. 1906-ல் பெர்ன் நகரில் செய்த உடன்படிக்கையும், நம் 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமும் வயது வந்தவர்களுள் பெண்களின் இரவை மட்டும் காத்தன. 2000-ல் சென்னை உயர்நீதிமன்றம், தக்க பாதுகாப்புச் செய்து கொடுத்தால் பெண்களும் ஆலையில் இராவேலை செய்யலாம், தடுப்பது பாரபட்சம் என்று தீர்ப்பளித்தது. சமத்துவம் வந்தது, நல்லதே. ஆனால் ஆணின் மூளையிலும் அதே கடிகாரம் ஓடுகிறது; அவனுடைய இரவையும் காப்போம் என்ற திசையில் சமத்துவம் வந்திருந்தால் இன்னும் நன்றாயிருந்திருக்கும்.

பணத்தால் அடைபடாததை வேறு எதனால் அடைப்பது? ஒன்று சொல்லுகிறேன்; இதற்கு முதலாளிக்கு ஒரு காசும் செலவில்லை. அமெரிக்காவில் யூட்டா மாகாணத்தில் பெரிய உப்பேரிக்கரையில் பொட்டாஷ் எடுக்கும் ஆலையொன்று இருந்தது. அங்கே ஷிப்டு வாரந்தோறும் மாறும். இரவு முடிந்தால் மாலை, மாலை முடிந்தால் காலை என்று பின்னோக்கி மாறும். நம் கடிகாரம் 24 மணியைவிடச் சற்று நீண்டது. ஆதலால் நேரங்கழித்துப் படுப்பது அதற்கு எளிது, முன்னதாகப் படுப்பது கடினம். இதையறிந்த ஆராய்ச்சியாளர், ஷிப்டை முன்னோக்கி, காலை, மாலை, இரவு என்ற கிரமத்தில் மாற்றச் சொன்னார்கள். அதுவும் வாரந்தோறுமன்றி மூன்று வாரத்துக்கு ஒரு முறை. ஆட்களின் மனநிறைவும் ஆரோக்கியமும் கூடின, வேலையை விட்டுப் போகிறவர்கள் குறைந்தார்கள், உற்பத்தியும் உயர்ந்தது. இது 1982-ல் வெளிவந்த செய்தி. இன்றும் நம்மூர்களில் பல இடங்களில் ஷிப்டுப் பட்டியல் எழுதும் மேஸ்திரிக்கு இது தெரியாது. தொழிற்சங்கத்தில் இருக்கும் நம் சகோதரர்கள் படியைப் பற்றிப் பேசப் போகும்போது இதையும் பேசலாம்.

மாத்திரை விழுங்கினால் தீராதா என்று சிலர் கேட்கிறார்கள். மெலடோனின் மாத்திரை அமெரிக்காவில் மளிகைச் சாமான்போல் கடைகளில் கிடைக்கிறது. கனடாவில் 2017-ல் 31 வகைகளைச் சோதித்தபோது, சீட்டில் எழுதிய அளவில் ஆறில் ஒரு பங்கு மாத்திரமே இருந்ததும் உண்டு. ஐந்து மடங்குக்கு மேல் இருந்ததும் உண்டு. எந்த நேரத்தில் சாப்பிடுவது என்பது தவறினால் கடிகாரம் எதிர்த்திசையில் நகரும். வைத்தியரைக் கேளாமல் இதில் இறங்க வேண்டாம்.

வீட்டார் செய்யக்கூடியதை மதுரை வௌவால்கள் காட்டிக் கொடுக்கின்றன. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம். கே. சந்திரசேகரனும் அவரோடு ஆராய்ச்சி செய்தவர்களும், மதுரைக்கு அருகே ஒரு குகையில் வௌவாலொன்றைக் கூண்டில் வைத்துப் பார்த்தார்கள். குகைக்குள் இரவும் பகலும் ஒரே இருட்டு. ஆயினும் கூண்டு வௌவாலின் கடிகாரம் பிசகவில்லை. அந்தி வேளையில் மற்ற வௌவால்கள் கூட்டமாக வெளியே பறந்து போவதும், விடியுமுன் திரும்பி வருவதும் அதற்கு நேரம் சொல்லின. கூட்டமில்லாத குகையில் தனியே வைத்தபோது அதன் நேரம் நாளுக்கு நாள் நழுவிப் போயிற்று. 1981-ல் வெளிவந்த இந்த ஆராய்ச்சியை உலகமெங்கும் படித்தார்கள்.

மனிதருக்கு வெளிச்சமே முதல் திருத்துகோல். ஆனாலும் நாம் கூண்டு வௌவாலைவிடக் கூட்டத்தை வேண்டாதவர்கள் அல்லர். இராப்பணிக்காரர் வீட்டில் எல்லோரும் உண்ணும்போது உறங்குகிறார். எல்லோரும் உறங்கும்போது ஆறிப்போன சோற்றைத் தூக்குச்சட்டியில் திறக்கிறார். பிள்ளைகளின் பரீட்சை, மனைவியின் காய்ச்சல், தங்கையின் சம்பந்தப் பேச்சு எல்லாம் அவர் இல்லாத நேரத்தில் நடந்து முடிகின்றன. ஒரு வேளையாவது, மாலை 6 மணிச் சாப்பாடானாலும் சரி, குடும்பம் முழுவதும் அவரோடு உட்காரும்படி ஏற்படுத்திக் கொள்ளுங்கள். காலையில் அவர் திரும்பும்போது கறுப்புக் கண்ணாடியோ குடையோ இருந்தால் வெயில் குறையும். படுக்கும் அறையின் ஜன்னலுக்குத் தடித்த துணி போதும். மாமியார் வீட்டிலிருந்து வந்தவர்கள், “பகல் 11 மணிக்கும் தூங்குகிறாரே மாப்பிள்ளை” என்று சொன்னால், வீட்டம்மாள் ஒரு தரம் விளக்கிச் சொல்லட்டும்.

தெருவார் செய்யக்கூடியதும் உண்டு. நம் தேசத்தின் 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி வைப்பதைத் தடுக்கின்றன. தூக்கம் என்றால் இராத்தூக்கம் என்றே அவ்விதிகளை எழுதியவர்கள் எண்ணினார்கள். காலை 10 மணிக்குக் கண்ணயர்கிறவருக்கு அவற்றில் இடமில்லை. கலியாண வீடும், காதுகுத்து வீடும், கட்சிக் கூட்டமும் அந்த நேரத்தில்தான் குழாயைக் கட்டித் திறக்கின்றன. நம் கோவில் கோபுரத்தின் குழாயையும் இதிலிருந்து நான் விலக்கவில்லை. திருவிழா நாட்களில் செபமும் பாட்டும் எவ்வளவு தூரம் கேட்க வேண்டும், எந்தக் குழாய் எந்தத் தெருவைப் பார்த்திருக்கிறது, அத்தெருவில் யார் யார் காலை 8 மணிக்கு வேலையிலிருந்து வீடு திரும்புகிறார்கள் என்று, கொடியேற்றத்துக்கு முன் விழாக் கமிட்டியார் ஒரு நடை நடந்து கேட்டு வரலாம். பத்து வீடுகளுக்கு மேல் இராது.